மலையைக் கலரில் வைப்பதா, கருப்பு வெள்ளையில் வைப்பதா? ஒரு சாம்பார்ப்பொடிக் கணக்கு

சாம்பார்ப்பொடி அரைக்கத் தெரிந்தவருக்குக் கருப்பு வெள்ளைப் படம் எப்படி உருவாகிறது என்பது பாதி தெரிந்த மாதிரிதான். மல்லி கூடுதலாக, மிளகாய் அதில் பாதி, வெந்தயம் கொஞ்சம். மிளகு, பருப்பு எல்லாம் இப்போதைக்கு ஒதுங்கி இருக்கட்டும். மூன்று சாமான்கள், மூன்று நிறங்கள், மூன்று மணங்கள். அரைத்து முடித்தபின் கிண்ணத்தில் இருப்பது ஒரே நிறப் பொடி. ஆனால் எதை எவ்வளவு போட்டோம் என்பதைப் பொறுத்து அந்தப் பொடி காரமாகவோ, மணமாகவோ, கசப்பாகவோ அமையும்.

கருப்பு வெள்ளைப் படத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகள் ஒரு அளவில் கலந்து ஒரே சாம்பல் நிறமாகின்றன. “கலரை எடுத்துவிட்டால் கருப்பு வெள்ளை” என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் எந்த நிறமும் வெளியே போவதில்லை. எல்லாம் உள்ளே அரைபட்டுக் கிடக்கிறது. இது புரிந்துவிட்டால், மலையையும் கடலையும் வயலையும் படமெடுக்கும்போது கலரா, கருப்பு வெள்ளையா என்ற கேள்விக்கு விடை தேடுவது சுலபமாகிவிடும். ஆகவே முதலில் கேமராவுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு வெளியே வருவோம்.

லென்ஸுக்குப் பின்னால் சென்சார் என்றொரு தகடு இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான குட்டிக் கிண்ணங்கள் வரிசையாக அடுக்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிண்ணமும் தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டும் கணக்கெடுக்கும். விழுந்தது சிவப்பா நீலமா என்று அதற்குத் தெரியாது. அதாவது சென்சார் பிறவியிலேயே கருப்பு வெள்ளைதான்.

அப்படியானால் கலர் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு கிண்ணத்தின்மேலும் ஒரு வண்ணச் சல்லடை மூடியிருக்கிறது. சிவப்புச் சல்லடை சிவப்பொளியை மட்டும் கீழே விடும், மற்ற இரண்டையும் தடுத்துவிடும். பச்சையும் நீலமும் அப்படியே. கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் இந்தச் சல்லடைகளை எப்படி அடுக்குவது என்று ஒரு முறை கண்டார். 1976-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நான்கு கிண்ணங்களை ஒரு கட்டமாக எடுத்தால் அதில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைப் பச்சையில்தான் மிக நுட்பமாக உணர்கிறது. அதனால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் 1 கோடியே 20 லட்சம் பச்சைக் கிண்ணங்கள், 60 லட்சம் சிவப்பு, 60 லட்சம் நீலம்.

அடுத்து, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கிடைக்காத மற்ற இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துக் கிண்ணங்களைப் பார்த்துக் கணித்துக்கொள்கிறார்கள். முடிவில் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் கிடைக்கின்றன: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. நாம் திரையில் பார்க்கும் படத்தில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். 0 என்றால் அந்த ஒளி துளியும் இல்லை, 255 என்றால் முழுசாக இருக்கிறது.

மூன்றும் தனித்தனியாக இருக்கும்வரை அது அஞ்சறைப்பெட்டி. கேமராவில் ‘ரா’ என்ற கோப்பு வகையைத் தேர்ந்தெடுத்தால் கையில் கிடைப்பது இந்த அஞ்சறைப்பெட்டிதான். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து எப்போது வேண்டுமானாலும், எந்த அளவில் வேண்டுமானாலும் அரைக்கலாம். கேமராவைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றி, ஜேபெக் கோப்பாக மட்டும் எடுத்தால், அரைத்த பொடியைப் பொட்டலமாக வாங்குகிறீர்கள். பொடியிலிருந்து மிளகாயைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, எந்த முடிவும் எடுக்காத நிலையில் ரா கோப்பில் எடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வேன்.

சரி, இப்போது அரைப்போம். அரைக்கும் அளவு என்ன?

கேமராவும் கணினியும் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவுகளில் ஒன்று, கலர் தொலைக்காட்சி வந்த காலத்தில் வகுத்தது. அமெரிக்காவில் 1953-ல் அரசு ஏற்ற கலர் தொலைக்காட்சி முறையில், அதே ஒளிபரப்பைப் பழைய கருப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருப்பவரும் பார்க்க முடிய வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காக மூன்று நிறங்களையும் ஒன்றாக்கினார்கள்: பச்சை 59 பங்கு, சிவப்பு 30 பங்கு, நீலம் 11 பங்கு. மல்லி கூடுதல், மிளகாய் அதில் பாதி, வெந்தயம் கொஞ்சம். நம் வீட்டுப் பொடிக்கும் இதற்கும் இவ்வளவு பொருத்தம் இருப்பது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு நீல வானத்தை இந்த அளவில் அரைத்துப் பார்ப்போம். வானத்தில் ஒரு புள்ளியின் எண்கள் சிவப்பு 90, பச்சை 140, நீலம் 210 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே ஒரு வெண்மேகம். வெள்ளை என்றால் மூன்றும் சமம், ஆகவே அது 235, 235, 235. வழக்கமான அளவில் அரைத்தால் வானம் 133 என்ற நடுத்தரச் சாம்பல் ஆகிறது. மேகம் 235-லேயே நிற்கிறது. இரண்டுக்கும் 102 வித்தியாசம். பரவாயில்லை, மேகம் தெரியும்.

பிறகு அளவை மாற்றுவோம். சிவப்பை மட்டும் எடுத்து அரைத்தால் வானம் 90-க்கு இறங்கி இருண்டுவிடுகிறது. மேகம் மட்டும் அதே 235. வித்தியாசம் 145 ஆகிவிட்டது. மேகம் பஞ்சுப்பொதி மாதிரி முன்னால் வந்து நிற்கும். நீலத்தை மட்டும் எடுத்து அரைத்தால் வானம் 210. வித்தியாசம் வெறும் 25. மேகம் வானத்தோடு கரைந்து போகும். வானமும் அதேதான், மேகமும் அதேதான், எடுத்த நொடியும் அதேதான். அளவுதான் வேறு. மேகத்தில் மூன்றும் சமமாக இருப்பதால் எப்படி அரைத்தாலும் அது மாறுவதில்லை. மாறுவது வானம் மட்டுமே.

இன்னொரு உதாரணம், இது கொஞ்சம் வருத்தமானது. மே மாதத்தில் சாலையோரக் குல்மோகர் மரம் தீப்பிடித்த மாதிரி பூத்திருக்கிறது. பூவின் எண்கள் சிவப்பு 200, பச்சை 40, நீலம் 50. இலையின் எண்கள் 70, 105, 50. நம் கண்ணுக்கு இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் வழக்கமான அளவில் அரைத்தால் பூ 89, இலை 88! பூவும் இலையும் ஒரே சாம்பலாகி மரமே மொத்தையாக நிற்கும். கண்ணைப் பறித்த காட்சி கருப்பு வெள்ளையில் ஏன் செத்துப்போய்த் தெரிகிறது என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான். நிறத்தில் எட்டிநின்ற இரண்டு பொருள்கள் வெளிச்சத்தில் சமமாக இருந்திருக்கின்றன. சிவப்புப் பங்கைக் கூட்டினால் பூ வெளுத்து இலையிலிருந்து பிரியும். பச்சைப் பங்கைக் கூட்டினால் பூ கருத்துப் பிரியும். எந்தப் பக்கம் பிரிப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

கணினி இல்லாத காலத்தில் இந்த அளவை எப்படி மாற்றினார்கள்? அரைப்பதற்கு முன்பே சலித்துவிடுவார்கள். லென்ஸுக்கு முன்னால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறக் கண்ணாடிகளை மாட்டுவார்கள். ஃபில்டர் என்பது இதைத்தான். அந்தக் கண்ணாடி தன் நிறத்தைக் கடக்கவிட்டு, எதிர் நிறத்தைத் தடுக்கும்.

இதில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய படம் ஒன்று இருக்கிறது. 1927 ஏப்ரலில், அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், 25 வயதான ஆன்ஸல் ஆடம்ஸ் கனமான கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு பனி கிடந்த மலைச்சரிவில் ஏறினார். எதிரே ஹாஃப் டோம் என்ற பிரமாண்டமான கருங்கல் பாறை, செங்குத்தாக வெட்டிவிட்டது போன்ற முகம். அவரிடம் இரண்டே தகடுகள் மிஞ்சியிருந்தன. முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டர் மாட்டி எடுத்தார். எடுத்தவுடனே, வானம் வெளிறிப்போய் வரும், பாறையின் பிரமாண்டம் அதில் இருக்காது என்று உணர்ந்தார். ஆகவே கடைசித் தகட்டுக்கு ஆழ்ந்த சிவப்பு ஃபில்டரை மாட்டினார். உயரமான இடத்துத் தெளிந்த வானத்தின் நீலத்தை அந்தச் சிவப்புக் கண்ணாடி கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிட்டது. நிழலில் இருந்த பகுதிகளுக்கு வெளிச்சம் வானத்திலிருந்துதான் வரும், அதுவும் நீலம்தான். ஆகவே நிழலும் கருத்தது. வெயில் பட்ட பாறையும் பனியும் மட்டும் ஒளிர்ந்தன. ‘மோனோலித், தி ஃபேஸ் ஆஃப் ஹாஃப் டோம்’ என்ற அந்தப் படத்தில் வானம் ஏறக்குறைய கருப்பு. அங்கே நின்ற யார் கண்ணுக்கும் வானம் அப்படித் தெரிந்திருக்காது. பாறையைப் பார்த்தபோது தன் மனத்தில் எழுந்ததைப் படமாக்க, எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்று எடுப்பதற்கு முன்பே அவர் தீர்மானித்தார். கருப்பு வெள்ளையின் கலை முழுவதும் அந்தத் தீர்மானத்தில் இருப்பதாகவே நான் நம்புகிறேன்.

இன்றைய டிஜிட்டல் கேமராவில் அந்தக் கண்ணாடி தேவையில்லை. அஞ்சறைப்பெட்டி கையில் இருப்பதால் வீட்டில் உட்கார்ந்து அளவை மாற்றலாம். ஒரு விதிவிலக்கு உண்டு: 2012-ல் லைக்கா நிறுவனம் கிண்ணங்களின் மேல் வண்ணச் சல்லடையே இல்லாத கேமரா ஒன்றைக் கொண்டுவந்தது. கருப்பு வெள்ளை மட்டும்தான் எடுக்கும். எந்த ஒளியும் தடைபடாததால் படம் மிகத் துல்லியமாக இருக்கும். ஆனால் எல்லாம் எடுக்கும்போதே அரைபட்டுவிடுவதால், அதை வைத்திருப்பவர் ஆடம்ஸைப் போலவே லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி மாட்டித்தான் ஆக வேண்டும்.

தூரத்து மலைகளுக்கு வருவோம். கோத்தகிரியிலோ வால்பாறையிலோ நின்று பார்த்தால் பக்கத்து மலை பச்சை, அடுத்தது கரும்பச்சை, அதற்கப்பால் நீலம், கடைசி மலை வானத்தோடு கலந்த வெளிர்நீலம். இந்த நீலம் மலையின் நிறமல்ல, நமக்கும் மலைக்கும் இடையில் இருக்கும் காற்றின் வேலை. காற்றின் மூலக்கூறுகள் 450 நானோமீட்டர் நீல ஒளியை, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட 4 மடங்குக்கும் மேல் சிதறடிக்கின்றன. தூரத்து மலைமேல் மங்கலாகப் படிவது இந்தச் சிதறிய நீலம்தான். ஆகவே நீலப் பங்கைக் கூட்டி அரைத்தால் மங்கல் கெட்டியாகி மலைகள் அடுக்கடுக்காகப் பிரியும், ஆழம் தெரியும். சிவப்புப் பங்கைக் கூட்டினால் மங்கல் விலகித் தூரத்து மலையின் மடிப்புகள் துலங்கும், ஆனால் ஆழம் குறையும். பலர் சிவப்புப் பக்கமே போகிறார்கள். மலை அடுக்குகளுக்கு நான் நீலத்தைத்தான் சொல்வேன். ஆனால் காலைப் பனிமூட்டத்தில் இது எதுவும் செல்லாது. மூட்டம் நீர்த்துளிகளால் ஆனது. துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். அதனால்தான் மூட்டம் வெள்ளையாக இருக்கிறது, எந்த அளவில் அரைத்தாலும் வெள்ளையாகவே இருக்கும்.

இவ்வளவு தெரிந்தபின் கலரா, கருப்பு வெள்ளையா என்ற கேள்வியை இப்படிக் கேட்டுக்கொள்ளலாம்: இந்தப் படத்தைத் தாங்கி நிற்பது நிறங்களின் வேறுபாடா, வெளிச்சத்தின் வேறுபாடா?

நிறத்தின் வேறுபாடுதான் என்றால் அரைக்காதீர்கள். மூணாறு மலைச்சரிவுகளில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018-ல் பூத்தது. புல்வெளிச் சரிவு ஊதா கலந்த நீலமாக மாறியிருக்கும். வெளிச்சத்தில் அந்தப் பூவும் புல்லும் ஏறக்குறைய சமம். அளவை மாற்றிப் பூவைப் பிரித்துவிடலாம்தான். ஆனால் பிரித்தபின் அது ஏதோ ஒரு வெளிர் பூ, அவ்வளவே. 12 ஆண்டு காத்திருந்து பார்த்தது அந்த நிறத்தைத்தான், அது படத்தில் இல்லையென்றால் படம் எதற்கு?

எலியட் போர்ட்டர் என்ற அமெரிக்கர் கலருக்கு வந்ததும் இப்படித்தான். மருத்துவம் படித்தவர், பறவைகளைக் கருப்பு வெள்ளையில் அருமையாக எடுத்தவர். புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளரிடம் கொண்டுபோனபோது, கருப்பு வெள்ளையில் எது என்ன பறவை என்று அடையாளம் தெரியவில்லையே என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அப்போது புதிதாக வந்திருந்த கோடாக்ரோம் கலர் ஃபிலிமை எடுத்துக்கொண்டார். பிறகு காட்டுக்கும் இலைக்கும் பாறைக்கும் அதே கலரைக் கொண்டுபோனார். சியரா கிளப் 1962-ல் வெளியிட்ட அவருடைய நூல், நிலக்காட்சி என்றாலே கருப்பு வெள்ளை என்றிருந்த எண்ணத்தை அசைத்தது. அவருடைய படங்களில் பளிச்சென்ற வானமோ பெரிய மலையோ அதிகம் இருக்காது. ஒரு ஓடை, கொஞ்சம் உதிர்ந்த இலை, பாறையில் ஒரு பாசி. இலைக்கும் பாசிக்கும் இடையிலுள்ள மென்மையான நிற வேறுபாட்டில்தான் படம் நிற்கிறது. கலர் என்றால் கத்த வேண்டும் என்பதில்லை என்று அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

வெளிச்சத்தின் வேறுபாடுதான் தாங்குகிறது என்றால் தயங்காமல் அரையுங்கள். தனுஷ்கோடியை எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரில் தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சாய்வெயிலில் அந்தச் சுவரின் ஒவ்வொரு பொத்தலிலும் ஒரு நிழல் உட்கார்ந்திருக்கும். கல்லும் மணலும் வெளிறிய பழுப்பு, பேசும்படியான நிறம் ஒன்றுமில்லை. அங்கே நிறத்தை வைத்தால் பின்னால் நிற்கிற சுற்றுலா வேனின் மஞ்சளும் யாரோ ஒருவரின் ஆரஞ்சுச் சட்டையும்தான் கண்ணை இழுக்கும். அரைத்துவிட்டால் சுவரும் நிழலும் மட்டும் மிஞ்சும். அதே இடத்திலிருந்து இன்னும் தள்ளிப் போய் அரிச்சல்முனையில் நின்றால், கடலின் பச்சையும் நீலமும் வெண்மணலைத் தொடுகிற இடம் வரும். அங்கே நீங்கள் கலருக்குத் திரும்பியே ஆக வேண்டும். ஒரே ஊர், ஒரே நாள், இரண்டு தீர்ப்பு.

சூரிய அஸ்தமனம் பெரும்பாலும் கலர்தான். ஆரஞ்சும் ஊதாவும் அரைபட்டால் வெறும் மங்கிய வானம். மேகத்தைப் பிளந்துகொண்டு கதிர்கள் இறங்கினால் மட்டும் யோசிக்கலாம். தூத்துக்குடி உப்பளங்கள், பனைமர வரிசை, கோடைமழைக்கு முந்தைய இருட்டு வானம் எல்லாம் கருப்பு வெள்ளைக்குத் தாமாகவே வரும்.

களத்தில் நிற்கும்போது இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கேமராவை ரா கோப்பில் வைத்துக்கொண்டு, படத்தின் தோற்றத்தை மட்டும் மோனோக்ரோம் என்று மாற்றுங்கள். பின்திரையில் கருப்பு வெள்ளை தெரியும். உள்ளே அஞ்சறைப்பெட்டி அப்படியே பத்திரமாக இருக்கும். திரையில் தெரிவது மொத்தையாக இருந்தால், நீங்கள் ரசித்தது நிறத்தை. உருவங்கள் தனித்தனியாக எழுந்து நின்றால், நீங்கள் ரசித்தது வெளிச்சத்தை. போனில் எடுப்பவர்கள் படத்தை ஸ்னாப்சீட் போன்ற செயலியில் திறந்து, கருப்பு வெள்ளைக்கு மாற்றி, அதிலிருக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல ஃபில்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மூல கலர்ப் படத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

அரைக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது வறுப்பதைப் பற்றியது. சாமான்களை எவ்வளவு வறுத்தோம் என்பதும் பொடியை மாற்றும் அல்லவா? கேமராவில் ஒயிட் பேலன்ஸ் என்பது அந்த வறுவல். அதை நகர்த்தினால் சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதம் அரைக்கும் முன்பே மாறிவிடும். ஆகவே முதலில் கலர்ப் படத்தை ஒழுங்காக்கிவிட்டு, பிறகு கருப்பு வெள்ளைக்குப் போங்கள். இரண்டாவது, நீலத்தில் கை வைக்கும்போது நிதானம் வேண்டும். வெந்தயம் கொஞ்சம் கூடினாலே கசப்பது போல, நீலத்தை அளவுக்கு மீறி இறக்கி வானத்தைக் கருக்க முயன்றால் வானம் முழுக்க மணல் தூவியது போன்ற புள்ளிகள் கிளம்பும். மலை முகட்டை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடும் தோன்றும். ஆடம்ஸின் வானம் கருப்பாக இருந்ததென்பதற்காக எல்லா வானமும் கருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கலரில் சரியாக வராத படத்தைக் கருப்பு வெள்ளையாக்கிக் காப்பாற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கெட்டுப்போன மல்லியை அரைத்தால் நல்ல பொடி வராது. உச்சி வெயிலில் எடுத்த படம் கலரில் சோர்ந்து, கருப்பு வெள்ளையில் உயிர்பெறுவது உண்டு. ஆனால் அது அந்த வெயிலில் நிழல்கள் கூர்மையாக இருந்ததால் நடப்பது. நிழலும் இல்லாமல் உருவமும் இல்லாமல் எடுத்த படத்துக்கு எந்த அளவும் உதவாது.

இன்னும் தீர்மானிக்க முடியவில்லையென்றால் இரண்டு விதமாகவும் தயாரித்து, போஸ்ட்கார்டு அளவில் பிரின்ட் போட்டுச் சுவரில் எட்ட ஒட்டிவையுங்கள். கலர்ப் படத்தில் கண் முதலில் எங்கே போகிறது என்று வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். மலைக்குப் பதிலாக ஓரத்தில் கிடக்கும் நீலத் தார்ப்பாயைக் காட்டினால் கருப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கலர் லேப்களில் கருப்பு வெள்ளைப் படத்தையும் கலர்த் தாளில்தான் போடுவார்கள். அதனால் சாம்பலில் லேசான பச்சையோ இளஞ்சிவப்போ ஏறிவிடுவதுண்டு. பெரிய அளவுக்குக் கொடுக்கும் முன் இந்தச் சின்னப் பிரின்ட்டைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து, லேப்காரரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள்.